வெள்ளிக்கிழமைக் கோளாறு

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். பக்கத்திலேயே மேலகரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அது காயாத துணி. ஆனி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஜெயபிரியா வீட்டுக் கொடியில் செவ்வாய்க்கிழமை போட்ட ஜீன்ஸ் பேன்ட் வெள்ளிக்கிழமை காலையிலும் பிழிந்தால் தண்ணீர் தரும் நிலையில் தொங்கியது. உப்பு ஜாடியில் நீர் கோத்திருந்தது. தீக்குச்சி நாலு உரசினால் ஒன்று பற்றியது.

குழாயடியில் குடிதண்ணீர் பிடித்து வந்து, குடத்தை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு அவள் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்துவிடலாமா?" என்று அது கேட்டது. மொட்டை போட வந்தவரிடம் நாவிதர் கேட்கிற மரியாதையோடுதான் கேட்டது. செய்தால் உள்ளே இருக்கிற படம் அத்தனையும் அழிந்துவிடும்.

அவளும் அவள் புருஷன் மணிகண்டபிரபுவும் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள். அவனுக்குக் கேமரா, அவளுக்கு எடிட்டிங். முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் அவளுக்குக் கேமராவும் உண்டு. பெண்கள் இருக்கிற பக்கம் ஆண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் "அந்த ஜெயாவக் கூப்பிடுங்க" என்று பெயர் விழுந்திருந்தது. எடுத்த படமெல்லாம் உள்ளங்கையளவு கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருக்கும். அந்த ஹார்ட் டிஸ்க்தான் இப்போது மூன்றாவது தடவையாகக் கரப்ட் ஆகியிருந்தது.

"ஏங்க, எந்திரிங்க. மறுபடியும் போயிட்டு."

"எது?" என்றான் மணிகண்டபிரபு, போர்வைக்குள்ளிருந்து.

"நம்ம வீட்டுல வேற எது போகும்? ஹார்ட் டிஸ்க்குதான். பாஹிமா கல்யாணம் பூராவும் அதுலதான் கெடக்கு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "கேமரா கார்டுல இருக்கும்லா? எதுக்கு இப்பிடிக் கெடந்து பதறுதே?"

"கார்டா? சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி வயல்ல அவுட்டோர் எடுக்கப் போனீங்கள்லா, போறதுக்கு முன்ன கார்ட என்ன செஞ்சீங்க?"

அவன் கொஞ்ச நேரம் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபார்மேட் போட்டேன்."

"ஆங்."

"நாந்தான் அப்பவே சொன்னேன்லா, இன்னொரு டிஸ்க்கு வாங்கி ரெண்டுலயும் ஏத்தி வைப்போம்னு."

"நீங்க எங்க சொன்னீங்க? நான் சொன்னேன். ஆடித் தள்ளுபடி வரட்டும்னு சொன்னதுதான் நீங்க."

ஆடிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தள்ளுபடிக்குக் காத்திருந்து தலை போன கதையாகிவிட்டது.

டீ டம்ளர்களோடு ஆறுமுகநயினார் உள்ளே வந்தார். மணிகண்டபிரபுவின் அப்பா. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிரைவர். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை என்று அந்தப் பக்கத்து வளைவெல்லாம் அவருக்குக் கை ரேகை. ஒரு விபத்து கிடையாது. அதைவிட அவர் பெருமையாகச் சொல்வது ஒன்றுண்டு: ஒரு பயணியின் கால் படியில் இருக்கும்போது அவர் வண்டியை நகர்த்தியதே இல்லை. மனைவி முப்பிடாதியம்மாள் இறந்த பிறகு, நாலு வருஷமாகக் காலை டீயும், செவ்வாய் வெள்ளி விளக்கும் அவர் பொறுப்பு. அந்த அம்மாள் சுவாமி படத்துக்கு மட்டும் பொட்டு வைத்தாள். இவர் ஸ்கூட்டர், கேஸ் அடுப்பு, மிக்ஸி எல்லாவற்றுக்கும் வைத்தார்.

"என்னம்மா, வண்டி பிரேக் டவுனா?" என்றார்.

"ஆமா மாமா."

"பொறவு எப்பிடி? கேபிளு மாத்தியாச்சு, யுபிஎஸ் வாங்கியாச்சு. இதுக்கு மேல என்னத்தச் செய்ய? இது கண்ணேறும்மா. நீ கல்யாணம் கல்யாணமாப் போயி நிக்கே. ஒவ்வொருத்தி பாக்க பார்வை இருக்கே."

கண்ணேறு உட்பட எல்லாக் காரணமும் இந்த வீட்டில் பார்த்தாகிவிட்டது. சித்திரையில் ஒரு கோயில் கொடை விழா வீடியோ போனபோது கேபிள்தான் காரணம் என்று கேபிளை மாற்றினார்கள். வைகாசியில் வாசுதேவநல்லூர் நிச்சயதார்த்தம் போனபோது கரண்ட் ஏறி இறங்குவது காரணம் என்று யுபிஎஸ் வந்தது. ஈரம் என்று மேஜையைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளிப் போட்டார்கள். டிஸ்க்கை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கச் சொன்னவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சில வாரம் ஒழுங்காக ஓடும். தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது மறுபடியும் மொட்டை போடலாமா என்று கேட்கும். அந்த இரண்டு தடவையும் மெமரி கார்டில் படம் மிச்சமிருந்ததால் மானம் பிழைத்தது.

போன் அடித்தது. பாஹிமாவின் தாயார் நூர்நிஷா. ஜெயபிரியா எடுக்க யோசித்தாள். எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

"ஜெயா, நல்லாருக்கியாம்மா? தொந்தரவு பண்ணுதேன்னு நெனைக்காத. எங்க தம்பி இத்ரீஸு திங்கக்கெழம பிளேன் ஏறுதான். ஞாயித்துக்கெழம சாயந்தரத்துக்குள்ள பென்டிரைவ் கையில கெடச்சிருமா?"

"வேல நடக்குதுக்கா."

"பாஹிமா வாப்பா தெனமும் கேக்காஹ. அந்தக் கேம்புல நெட்டு கெடைக்கதே பாதி நேரம். அங்க ஒரு டிவி இருக்காம், பென்டிரைவ் போட்டா ஓடுமாம். கல்யாணம் முழுசும் போன்ல பாத்துட்டாஹ. புள்ள கெளம்புத நேரத்துல கரண்டு போயி, வைஃபையும் போயி, எல்லாம் போச்சுல்லா. 'அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு நூரு, எம்புள்ள எப்பிடிப் போனா?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காஹ. நான் என்னத்தச் சொல்ல? அழுதுக்கிட்டு நின்னேன், எனக்கே சரியாப் பாத்த ஞாபகம் இல்ல. பொம்பளைய பக்கம் யாரும் போன்ல படம் எடுக்கக் கூடாதுன்னு நான்தான் கண்டிசனாச் சொல்லிட்டேன். உங்கிட்ட மட்டுந்தான்மா இருக்கு."

"வந்துரும்க்கா. ஞாயித்துக்கெழம வந்துரும்."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பாஹிமாவின் அப்பா மசூதுக்கு அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. மகள் வாசலைத் தாண்டிப் போன அந்தப் பன்னிரண்டு நிமிஷம், பக்ரீத் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் பிடித்த பன்னிரண்டு நிமிஷம், உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

"இது போச்சுன்னா நான் இனிமே கேமராவத் தொட மாட்டேன்," என்றாள்.

ஆறுமுகநயினார் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனார்.

*

சிபியுவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டிஸ்க்கைச் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவள் ஆட்டோவில் தென்காசிக்குப் போனாள். மணிகண்டபிரபுவுக்கு ஆய்க்குடியில் ஒரு காதுகுத்து, விட முடியாது. தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இசக்கிராஜா கடை. ஐம்பது வயசு, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கம்ப்யூட்டர் ரிப்பேரில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, மெதுவிலும் ஆளில்லை.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. மொதல்ல பாருங்க."

அவர் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். எதை எதையோ ஓட்டினார். பத்து நிமிஷம் ஆயிற்று. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதை ஜெயபிரியா எண்ணிக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க்கு நல்லாருக்கே," என்றார் கடைசியில்.

"நல்லாருக்கா? தெறக்கவே இல்லையே அண்ணாச்சி!"

"ஆளுக்கு ஒண்ணுமில்லம்மா. நாடி, துடிப்பு எல்லாம் நல்லாருக்கு. ஒரு எடத்துலகூட அடி இல்ல. உள்ள எது எங்கன இருக்குன்னு எழுதி வச்சிருக்க அட்டவணைதான் கொலைஞ்சு கெடக்கு. வீட்டுல சாமான் எல்லாம் இருக்கு, எந்த அறையில எதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

"அப்பம் கெடச்சிருமா?"

"தேடிப் பாக்கணும். மேலேர்ந்து கீழ ஒவ்வொரு மூலையாத் தேடும். நாளைக்கு மதியம் ஆயிரும். கெடைக்கும்னுதான் தோணுது. சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்த வார்த்தையில் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார். "எடுத்துக் குடுத்துருவேன். அடுத்த மாசம் மறுபடியும் இதத் தூக்கிக்கிட்டு வருவே. ஏன் கொலையுதுன்னு பாக்காண்டாமா? அந்த சிபியுவ இங்கன வையி."

சிபியுவில் திரையை மாட்டி, ஜெயபிரியா இதுவரை பார்த்தே இராத ஒரு பக்கத்தைத் திறந்தார். கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் தானே நேரத்தோடு எழுதி வைத்திருக்கும் பக்கம். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வரி வரியாக இறங்கினார்.

"இந்தா பாரு. 'டிஸ்க்கு எதிர்பாராமல் கழற்றப்பட்டது.' இன்னைக்கு, காலையில ஆறு மணி நாலு நிமிசம்."

"கழட்டவா? அது எப்பவும் மாட்டியேதான் கெடக்கும் அண்ணாச்சி. எடிட் பண்ணுன வரைக்கும் ராத்திரி எழுதட்டும்னு எக்ஸ்போர்ட் போட்டுட்டுத் திரைய மட்டும் அணைச்சுட்டுப் படுத்தேன். காலையிலயும் மாட்டித்தான் இருந்துச்சு."

"இருந்திருக்கும். ஆறு மணி பதினோரு நிமிசத்துக்குத் திரும்ப மாட்டியிருக்காங்களே. இந்தா, அதுவும் இருக்கு." விரலை இறக்கினார். "செவ்வாக்கெழம, அஞ்சு அம்பத்தெட்டு. போன வெள்ளி, ஆறு ரெண்டு. அதுக்கு முந்துன செவ்வாயி... வைகாசி வரைக்கும் வெள்ளிக்கெழம மட்டும். அதுக்குப் பொறவு செவ்வாயும் சேந்துருக்கு. யாரோ கணக்காப் புடுங்குதாங்கம்மா. அந்த நேரத்துல அது எழுதாமச் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகல, தப்பிச்சுருக்கு. எழுதிக்கிட்டு இருக்கும்போது புடுங்குனா, போச்சு."

ஜெயபிரியா முதலில் புருஷனைத்தான் நினைத்தாள். முகூர்த்த நாளில் அவன் விடியுமுன் கிளம்புவான். அவசரத்தில் எதையாவது பிடுங்கிச் சார்ஜ் போட்டிருப்பான். வாரம் தவறாமல் செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு அவன் எழுந்திருக்கிற ஆளா? அந்த நேரம் அவள் குழாயடியில் நிற்பாள். பிறகு வீட்டில் யார்?

இசக்கிராஜா டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஓரத்தை நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இதென்னம்மா மஞ்சளா ஒட்டியிருக்கு? சந்தனமா? நடுவுல குங்குமமும் இருக்கு. ஆயுத பூசைக்கு வச்சியா?"

"இல்ல அண்ணாச்சி," என்றாள் ஜெயபிரியா. "இது பங்குனியில வாங்குனது."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

பங்குனியில் பழைய டிஸ்க் செத்தது. அது தன் ஆயுசு முடிந்து தானாகச் செத்தது. அன்றைக்கு அவள் அடுக்களையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புது டிஸ்க் வந்த அன்று, "இனிமேலாவது இதச் சாமிதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லிக்கொண்டே மாட்டினாள். மாமனார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். வெள்ளிதோறும் டிஸ்க்கைப் பிடுங்கிச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து, பொட்டிட்டு, சூடம் காட்டி, கண்ணில் ஒற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார். கரப்ட் ஆனதும் வெள்ளி போதவில்லை என்று செவ்வாயையும் சேர்த்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள்; இங்கே குரங்கு ஆக ஆக அவர் இன்னும் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்.

"என்னம்மா, யாருன்னு தெரிஞ்சுட்டா?"

"தெரிஞ்சுட்டு அண்ணாச்சி."

"சண்ட போடாத. யாராருந்தாலும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க," என்றார் இசக்கிராஜா, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு. சந்தனம் பட்ட விரலால் நெற்றியையும் லேசாகத் தொட்டுக்கொண்டார்.

*

திரும்பி வரும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று மாசமாக எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டாள்! யுபிஎஸ், கேபிள், அரிசி டப்பா! கையில் விளக்கை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெருப்புக்கு அலைந்திருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடுவது என்று நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். மேலகரம் வளைவு வருவதற்குள் அதில் இரண்டு வாக்கியத்தைத் தானே அடித்துவிட்டாள்.

வீட்டில் மாமனார் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்து வைத்திருந்தார். அவள் மனசு சரியில்லாத நாளில் அவர் அதைத்தான் செய்வார்.

"வாம்மா. கெடச்சிருமாமா?"

"நாளைக்குத் தெரியும் மாமா."

"நீ கவலப்படாத. நான் ஆய்க்குடி முருகனுக்குப் படிப்பாயசம் நேந்துட்டேன். இன்னொன்னும் முடிவு பண்ணிட்டேன்." தட்டை எடுத்து வைத்தார். "உங்கிட்டச் சொல்லல, செவ்வாயும் வெள்ளியும் அத எடுத்துச் சாமிக்கு முன்ன வச்சுக் கும்பிடுதேன். அது பத்தலன்னு தோணுது. நாளைலேர்ந்து தெனமும் வைக்கப் போறேன்."

ஜெயபிரியாவின் கையில் சோறு நின்றது. தயார் செய்த வாக்கியம் ஒன்றுகூட இப்போது உதவவில்லை. சொல்லாமலும் முடியாது, நாளையிலிருந்து தினமும் என்கிறாரே.

"மாமா," என்றாள். "நீங்க பஸ்ஸ ஸ்டாப்புல நிப்பாட்டுனா, திரும்ப எப்பம் எடுப்பீங்க?"

"இதென்ன கேள்வி? கண்டக்டர் விசிலு குடுத்தா எடுப்பேன்."

"விசிலுக்கு முன்ன, ஆளெல்லாம் எறங்குன மாதிரி தெரிஞ்சா?"

"தெரிஞ்சா? அதெல்லாம் கெடையாது. கெழவி கூடையோட எறங்கிக்கிட்டு இருப்பா. கண்ணாடியில தெரியாது. ஒரு காலு தரையில, ஒரு காலு படியில இருக்கும். எடுத்தேன்னு வையி, சக்கரத்துக்குள்ள போயிருவா. முப்பத்தொரு வருசத்துல விசிலு இல்லாம ஒருக்கா எடுத்ததில்ல."

"இந்த டிஸ்க்குக்கும் ஒரு விசிலு இருக்கு மாமா. திரை அணைஞ்சு கெடந்தாலும் உள்ள எழுதிக்கிட்டே இருக்கும். எழுதி முடிச்சுட்டேன், இனிமே கழட்டலாம்னு அது சொல்லணும். அதுக்கு முன்னக் கழட்டுனா..."

ஆறுமுகநயினார் கையிலிருந்த துவையல் கரண்டியைக் கிண்ணத்தில் மெதுவாக வைத்தார்.

"எறங்குதவ காலு படியில இருக்கும்போது நான் வண்டிய எடுத்திருக்கேன்," என்றார்.

"மாமா..."

"மூணு தடவையுமா?"

"பழைய டிஸ்க்கு தானாத்தான் செத்துச்சு. அதுக்கும் உங்களுக்கும் சம்மந்தமே இல்ல."

"நான் கேக்கது மத்த மூணு."

அவளுக்குப் பொய் வரவில்லை. "ஆமா மாமா."

அவர் எழுந்து வாசலில் போய் நின்றார். சாரல் முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை. ஜெயபிரியா தட்டோடு பின்னாலேயே வந்து நின்றாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த முதுகைப் பார்க்கையில் பாவமாக இருந்தது.

"நீ அன்னைக்கு அழுதேல்லா," என்றார் தெருவைப் பார்த்தபடி. "உங்க அத்தை இருந்தா ஏதாவது செஞ்சிருப்பா. எனக்கு என்ன செய்யத் தெரியும்? வண்டிக்குச் சூடம் காட்டத்தான் தெரியும்."

"தெரியும் மாமா. வாங்க, சாப்பிடுங்க."

"அந்தப் புள்ள படம் கெடைக்கட்டும்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆய்க்குடியிலிருந்து வந்த மகன் விஷயம் கேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெயபிரியா பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிவிட்டு, உளுந்தஞ்சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

*

மறுநாள் அவள் கிளம்பும்போது மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, குடையோடு தயாராக நின்றார்.

"நானும் வாரேன்."

இசக்கிராஜா கடையில் மாமனார் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, திரையில் ஏறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்று நாலு ஆக அரைமணி நேரம் ஆயிற்று. இசக்கிராஜா எதுவும் கேட்கவில்லை. நெற்றிப் பொட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்திருப்பார்.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல புளியரை வண்டி ஓட்டுனீங்களோ?" என்றார் பேச்சை மாற்ற. "நான் ஸ்கூலுக்கு அதுலதான் வருவேன்."

"வந்திருப்பே," என்றார் ஆறுமுகநயினார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு முடிந்தது. அறுநூற்றுப் பதினொரு துண்டு. அதில் அறுநூற்று நாலு திறந்தது. ஏழு திறக்கவில்லை.

"எந்த ஏழு?" என்றார் ஆறுமுகநயினார்.

"தெரியாது அண்ணாச்சி. பேரெல்லாம் போயிட்டு, வெறும் நம்பருதான். ஒவ்வொண்ணாத் தெறந்துதான் பாக்கணும்."

ஜெயபிரியா திறக்க ஆரம்பித்தாள். பிரியாணி அண்டா. மாப்பிள்ளை வீட்டுக் கார். மருதாணிக் கை. மறுபடியும் பிரியாணி, மணிகண்டபிரபுவுக்கு எங்கே போனாலும் அண்டாவை எடுக்காமல் இருக்க முடியாது.

"இதா?" என்பார் மாமனார் ஒவ்வொன்றுக்கும்.

"இல்ல மாமா."

"இதா?"

"இல்ல. இது மத்தியானம் எடுத்தது."

நானூறு தாண்டியது. அவர் "இதா" கேட்பதை நிறுத்திவிட்டார். குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானூற்று முப்பத்தெட்டைத் திறந்ததும் திரை இருட்டாக இருந்தது. பிறகு "சார்ஜர் லைட்ட எடு புள்ள" என்று யாரோ கத்துகிற சத்தம். மழைச் சத்தம்.

"மாமா, இதுதான்," என்றாள் ஜெயபிரியா.

வெளிச்சம் வந்தது. கல்யாணப் பட்டில் பாஹிமா நின்றாள். கையில் போன். "கட்டாயிட்டும்மா, வையி" என்றாள் நூர்நிஷா. பாஹிமா வைக்கவில்லை. போனை நெஞ்சுக்கு நேரே, திரை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடந்தாள். கூடத்தைத் தாண்டி, கட்டிப்பிடித்து அழுகிற சித்திகளைத் தாண்டி, படியிறங்கி, குடைகளுக்குக் கீழே கார் வரைக்கும் அந்தப் போன் முன்னே முன்னே போயிற்று. காரில் ஏறுமுன் அதைத் தன் பக்கம் திருப்பி, "வாப்பா, போயிட்டு வாரேன்" என்றாள்.

எடுத்தவள் ஜெயபிரியாதான். ஆனாலும் அன்றைக்கு இருட்டிலும் மழையிலும் கேமரா நனையாமல் பார்ப்பதே பெரும்பாடாக இருந்ததில் இதை அவள் கவனித்திருக்கவில்லை; எடிட்டிங்கும் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை. இப்போது கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இசக்கிராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆறுமுகநயினார் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எழுந்து சந்து முனைக்குப் போய் மூன்று டீயும் ஒரு பொட்டலம் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கி வந்தார். நேற்று மதியத்திலிருந்து பட்டினி; அதில் முக்கால் பொட்டலத்தை அவரே தின்றார். திறக்காத ஏழு துண்டில் என்ன இருந்ததென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பிரியாணி அண்டாவாக இருக்கும் என்று ஜெயபிரியா நம்புகிறாள்.

கடையை விட்டு இறங்குமுன் இன்னொரு டிஸ்க்கும் வாங்கினார்கள். ஆடிக்குக் காத்திருக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பென்டிரைவ் நூர்நிஷா கைக்குப் போயிற்று. வியாழக்கிழமை ஜெயபிரியாவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மசூது. பின்னால் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, படம் பாத்தேன். கேம்புல எல்லாரும் சேந்து பாத்தோம். லைன் கட்டானதும் நான் வெளிய போயி மணல்ல உக்காந்துட்டேம்மா அன்னைக்கு. எம்புள்ள என்னைய உட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். இப்பந்தான் பாக்கேன். அவ என்னையக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் போயிருக்கா. நீ நல்லாருக்கணும். உன் வீட்டுல எல்லாரும் நல்லாருக்கணும்."

மாமனார் அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை, "வீட்டுல எல்லாரும்னுதான சொன்னாரு?" என்றார்.

"ஆமா மாமா. எல்லாரும்தான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. குழாயடியிலிருந்து ஜெயபிரியா இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தபோது சூட வாசனை அடித்தது. குடத்தை இறக்காமலே கம்ப்யூட்டர் அறைக்குள் ஓடினாள்.

டிஸ்க் இரண்டும் மாட்டிய இடத்திலேயே விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தன. பூஜை அலமாரியில் இருக்க வேண்டிய முருகன் படம் மேஜையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றது. மாமனார் இரண்டடி தள்ளி நின்று, கையை நீட்டிச் சூடத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சந்தனப் பொட்டு டிஸ்க்கில் இல்லை. மேஜை விளிம்பில் இருந்தது.

"பயந்துட்டியா?" என்றார் திரும்பாமலே. "நான் தொடல. அது வயரு போட்டுக் கெடக்கு, அங்க இங்க நகர முடியாது. சாமிக்கு வயரா இருக்கு? அவரு எங்கன வேணும்னாலும் வருவாரு."